கருவாட்டு வேனின் இடது பக்கம்: நெளிந்த தகட்டைப் பிரித்து மறுபடி ஒட்டுப் போட்ட ஒரு வேலை

கீழக்கரைப் பட்டறைக்கு வந்து சேர்ந்தபோது அந்த வேனின் இடது பக்கத் தகட்டில் ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று பழுது இருந்தது. அடியில் துரு. துருவை வெட்டி எடுத்த இடத்தில் வேறொரு ஊர்ப் பட்டறையில் போட்ட ஒட்டு. ஒட்டு வைத்தபோது தகடு நெளிந்துவிட்டதால் அதை மறைக்கப் பூசிய பட்டி. பட்டி நடுவில் 6 மில்லிமீட்டர் வரை கனம் இருந்தது. ஒரு வருடம் ஓடியதும் ஒட்டின் ஓரத்தோடு கோடு பிடித்து வெடித்து, வெடிப்பு வழியாக மறுபடியும் துரு ஒழுகியிருந்தது.

வண்டிக்காரர் பெரியபட்டினத்துக்காரர். பாம்பனிலும் மண்டபத்திலும் கருவாடு ஏற்றி மதுரைக்குக் கொண்டுபோகிறவர். சீசனில் ஐஸ் பெட்டி வைத்து மீனும் ஏற்றுவார். மீன்பிடித் தடைக்காலத்தில் லோடு குறைந்த நேரம் பார்த்து வண்டியை விட்டார். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மற்ற மாதங்களில் இவருடைய வண்டியை ஒரு நாள் கூடுதலாகப் பட்டறையில் நிறுத்தச் சம்மதிக்க வைப்பதே பெரிய பாடு. முதல் ஒட்டு அப்படிப்பட்ட அவசரத்தில் போட்டதுதான்.

நான் பல வருடம் சென்னைப் பக்கம் கார் உடற்பகுதி செய்யும் ஆலையில் வெல்டிங் பிரிவில் இருந்தவன். இப்போது ஊரோடு இருப்பதால், தகடு வேலையில் சிக்கல் என்றால் பட்டறைக்காரர் ஆள் அனுப்புவார். எங்கள் எல்லோருக்கும் அவர் காக்கா (அண்ணன்). இந்த வேலையைச் செய்த கை அவருடையதும் அவருடைய பையன்களுடையதும். அளந்ததும் எழுதி வைத்ததும்தான் என் பங்கு.

பட்டியை உரித்தபோது

பட்டியை எடுக்கக் கிரைண்டரே தேவைப்படவில்லை. உளியால் தட்டினாலே பாளம் பாளமாகக் கழன்று வந்தது. அடியில் இருந்த ஒட்டு சுமார் 400 மில்லிமீட்டர் நீளம், 150 உயரம். நாலு மூலையும் சதுரமாக வெட்டிய ஜிஐ தகடு (துத்தநாகம் பூசிய இரும்பு). அதைப் பழைய தகட்டின் துருப்பிடித்த ஓரத்தின்மேல் ஏற்றி வைத்து, கேஸ் வெல்டிங்கில் ஒரு மூலையில் தொடங்கி மறு மூலை வரை நிறுத்தாமல் ஓட்டியிருந்தார்கள். கோட்டின் இரண்டு பக்கமும் நீலமும் பழுப்புமாகத் தகடு வெந்திருந்தது, உள்ளங்கை அகலத்துக்கு.

கோட்டுக்கு மேலே தட்டையாக இருக்க வேண்டிய இடம் புடைத்திருந்தது. காலை நிழலில் இரும்பு ஸ்கேலை நிறுத்திப் பார்த்தால் உச்சியில் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர். (வெயிலில் நிற்கும் வண்டியில் இதை அளக்கக் கூடாது. தகடு சூடேறி விரிந்து புடைப்பைக் கூட்டிக் காட்டும், மத்தியானம் ஒரு எண், சாயங்காலம் ஒரு எண் என்று வரும்.) உள்ளங்கையால் அழுத்தினால் டொப்பென்று உள்ளே போய், கையை எடுத்ததும் வெளியே வந்தது. அந்தப் புடைப்பின்மேலேயே வட்ட வட்டமாகச் சுட்ட தழும்புகள் இருந்தன. புடைத்ததைப் பார்த்துவிட்டு, சூடு வைத்துத் தண்ணீர் அடித்துச் சுருக்கப் பார்த்திருக்கிறார்கள்.

காக்கா கோட்டின்மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, இங்க தகடு வளரல. வெல்டு குட்டையாயிருச்சு” என்றார்.

அவர் சொன்னது எவ்வளவு சரி என்பதைக் கணக்கிலும் பார்க்கலாம். இரும்பு ஒரு டிகிரி சூட்டுக்கு ஒரு மீட்டரில் 0.012 மில்லிமீட்டர் விரியும். 100 டிகிரிக்கு 1.2 மில்லிமீட்டர். தகடு முழுவதும் ஒன்றாகச் சூடேறி ஒன்றாக ஆறினால் ஒரு கெடுதலும் இல்லை, விரிந்தது அப்படியே திரும்பிவிடும். ஒரு கோடு மட்டும் சூடேறி, சுற்றியிருக்கும் குளிர்ந்த தகடு அதை விரிய விடாமல் பிடித்துக்கொண்டால்தான் வில்லங்கம். விரிய இடம் கிடைக்காத சூடான இரும்பு தனக்குள்ளேயே நசுங்கும். கார் தகடு மாதிரி மென்மையான இரும்பு இப்படி நசுங்கத் தொடங்க 80, 90 டிகிரி ஏற்றமே போதும். 600 டிகிரியில் அதன் பலம் பாதியாகிவிடும். உருகும் இடமோ 1,500 டிகிரிக்குப் பக்கம். ஆறும்போது கோடு சுருங்குகிறது, ஆனால் நசுங்கிப்போன அளவு திரும்பி வருவதில்லை. முடிவில் கோடு பழைய நீளத்தைவிடக் குட்டை, சுற்றியுள்ள தகடு மட்டும் பழைய நீளத்திலேயே நிற்கிறது. சட்டையில் ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் பக்கத்துத் துணி உப்பி நிற்குமே, அதே கதைதான்.

எவ்வளவு குட்டையானால் 4 மில்லிமீட்டர் புடைக்கும்? 400 மில்லிமீட்டர் நாணுக்கு 4 மில்லிமீட்டர் எழும்பிய வில்லின் நீளத்தைக் கணக்கிட்டால் கூடுதலாக வருவது சுமார் 0.1 மில்லிமீட்டர். அவ்வளவுதான். பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் சுருக்கம், தெருவில் போகிறவர் கண்ணுக்குத் தெரிகிற புடைப்பாக நிற்கிறது. இந்தக் கணக்கைச் சொன்னால் பட்டறைகளில் சிரிப்பார்கள்; ஸ்கேலும் வெர்னியரும் வைத்துக் காட்டிய பிறகு சிரிப்பு நிற்கும்.

புடைப்பின்மேல் சூடு வைத்ததால் நிலைமை ஏன் மோசமானது என்பதும் இதிலேயே இருக்கிறது. புடைத்து நின்ற இடத்தில் தகட்டின் நீளம் சரியாகத்தான் இருந்தது. அதையும் சுட்டுச் சுருக்கியதும், வெல்டு கோடு ஒரு பக்கம், சுட்ட வட்டங்கள் ஒரு பக்கம் என்று இரண்டு இடத்திலிருந்தும் இழுப்பு வந்து, நடுவில் மிச்சமிருந்த தகடு இறுக்கம் இல்லாமல் போய் வரத் தொடங்கிவிட்டது. செய்திருக்க வேண்டியது நேர் எதிர் வேலை: குட்டையான கோட்டை நீட்டுவது. வெல்டுக்குப் பின்னால் டாலியை (கையில் பிடிக்கும் இரும்புக் கட்டை) வைத்து, வெல்டின்மேலேயே சுத்தியலால் தட்டினால் இரண்டுக்கும் நடுவில் அது நசுங்கிப் பரவும், நீளும். ஆனால் ஒன்றின்மேல் ஒன்று ஏறிய இரட்டைத் தகட்டில், துருவும் ஜிஐ பூச்சும் கலந்த வெல்டில் அதைச் செய்தால் விரியாது, கிழியும். ஆகவே முழுவதையும் வெட்டி எடுப்பது என்று முடிவானது.

துரு எங்கே நின்றது

வெல்டிங் பற்றிப் பேசும்போது ஆம்பியர், வோல்ட் என்றுதான் பேச்சு ஓடுகிறது. எங்கள் கடற்கரையில் நெளிவின் முதல் காரணம் மெஷினில் இல்லை, வெட்டிய ஓரத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இந்த வேனில் துரு உள்ளிருந்து வெளியே வந்தது. ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் தரையில் இறங்கி, பக்கத் தகட்டின் அடி மடிப்பில் போய்த் தேங்கியிருக்கிறது. அங்கே தண்ணீர் வடிய விட்டிருந்த துளைகள் மீன் செதிலும் மணலும் சேர்ந்து அடைத்துக் கிடந்தன. வெளிப்பக்கம் பெயிண்ட் பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே தகடு கரைந்திருக்கும். 0.8 மில்லிமீட்டர் தகடு ஒட்டின் ஓரத்தில் 0.4 ஆகவும், சில இடத்தில் அதற்கும் கீழாகவும் இருந்தது.

0.4 தகட்டோடு 0.8 தகட்டைச் சேர்க்கப் போனால் என்ன ஆகும்? மெல்லிய பக்கம் ஓட்டை விழும். ஓட்டையை அடைக்க இன்னொரு சொட்டு. அதன் ஓரம் மறுபடி கரையும், மறுபடி ஒரு சொட்டு. ஒரு டேக் (ஒரு புள்ளி அளவு வெல்டு) போதும் என்கிற இடத்தில் நாலைந்து விழுந்து, ஒரே இடத்தில் சூடு குவியும். துருவுக்குள் உட்கார்ந்திருக்கும் உப்பும் ஈரமும் வெல்டுக்குள் குமிழாகப் பொரிந்து பொத்தல் விடும். அதைத் திருத்த இன்னும் கொஞ்சம் சூடு. வெல்டர் கை நடுங்கியதால் தகடு நெளிந்தது என்று சொல்கிற வேலைகளில் பாதி இப்படித்தான் நெளிந்திருக்கும்.

எனவே நல்ல தகடு கிடைக்கும் வரை வெட்டுவது. சின்ன சுத்தியலால் தட்டிக்கொண்டே மேலே போனால் சத்தம் மாறும் இடம் காதுக்குத் தெரியும். சந்தேகமான இடத்தில் கூர் உளியால் குத்திப் பார்த்தோம். கீழ் ஓரத்திலிருந்து சுமார் 150 மில்லிமீட்டர் உயரத்தில் நல்ல தகடு தொடங்கியது. ஆனால் வெட்டியது அங்கே இல்லை, 210-இல்.

வண்டிக்காரர் பதறிவிட்டார். “காக்கா, ஓட்டை உள்ளங்கை அளவுதானே இருக்கு? பாதி வண்டிய வெட்டுறீங்களே!”

காக்கா சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டினார். இந்த வேனின் பக்கத் தகட்டில், கீழிருந்து சுமார் 220 மில்லிமீட்டரில் நீளவாக்கில் ஒரு மடிப்பு ஓடுகிறது. மடிப்பு உள்ள இடத்தில் தகடு விறைப்பாக நிற்கும். சுருக்கம் இழுத்தாலும் எளிதில் வளைந்து கொடுக்காது. 150-இல் வெட்டினால் வெல்டு கோடு தட்டையான வெற்றிடத்தின் நடுவில் விழும், அது சின்னச் சுருக்கத்துக்கும் புடைத்துக் காட்டும். 210-இல் வெட்டினால் கோடு மடிப்பின் மடியிலேயே உட்கார்ந்துவிடும். ஒட்டு பெரிது, வெல்டு நீளமும் கூடுதல், ஆனாலும் நெளிவு குறைவு. சின்ன ஒட்டு என்றால் சின்னச் சேதம் என்று நினைப்பது இயல்புதான். தட்டையான தகட்டின் நடுவில் வைத்த சின்ன ஒட்டைப்போலத் தொல்லை பிடித்த வேலை கிடையாது.

மூலைகளை 25 மில்லிமீட்டர் ஆரத்தில் வளைவாக வெட்டினோம். சதுர மூலையில் இரண்டு பக்கச் சுருக்கமும் ஒரே புள்ளியில் வந்து இழுக்கும். புது ஒட்டுக்கு 0.8 சிஆர் தகடு (பூச்சு இல்லாத, குளிர்நிலையில் உருட்டிய இரும்பு). கேஜ் எண் சொல்லிக் கேட்டால் கடைக்குக் கடை கனம் மாறுகிறது, வெர்னியரைக் கையோடு கொண்டுபோவது நல்லது. ஜிஐ தகடு வேண்டாம் என்றதற்குக் காரணம், துத்தநாகம் 420 டிகிரியில் உருகி 907-இல் கொதித்துவிடும். இரும்பு உருகுவதற்கு முன்பே அது ஆவியாகி வெல்டைத் தெறிக்க விடும். அந்தப் புகையை மூச்சில் இழுத்தால் சாயங்காலம் குளிர் காய்ச்சல் கண்டு படுக்க வேண்டியதுதான்.

வெட்டுத் துண்டில் ஒரு சோதனை

வண்டியில் கை வைப்பதற்கு முன் அதே சிஆர் தகட்டின் மிச்சத் துண்டுகளில் மூன்று விதமாகச் சேர்த்துப் பார்த்தோம். சிஓ2 மெஷின்தான் (கம்பியே உருகி வெல்டாகும், சுற்றி வாயு விட்டுக் காக்கும்), 0.8 கம்பி, சுமார் 50 ஆம்பியர், 16 வோல்ட். முதல் ஜோடியை ஒரே ஓட்டமாக ஓட்டியது. இரண்டாவதை டேக் டேக்காக, இடம் மாற்றி மாற்றி, ஆற விட்டு. மூன்றாவது இரண்டாவதைப் போலவேதான், ஆனால் இடையிடையே டாலியில் வைத்துத் தட்டி. முதல் ஜோடி மேசையில் வைத்தால் ஆடியது; நடுவில் சுண்டுவிரல் நுழைந்தது. இரண்டாவதில் ஸ்கேலுக்கு அடியில் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தது. மூன்றாவதில் அந்த வெளிச்சமும் மிகக் குறைவு.

பையன்களில் மூத்தவன் கேட்டான்: “டேக் அடிச்சா மொத்தச் சூடு குறையுமாண்ணே?” நல்ல கேள்வி. 50 ஆம்பியரும் 16 வோல்ட்டும் சேர்ந்தால் 800 வாட். நொடிக்கு 5 மில்லிமீட்டர் வேகத்தில் ஓட்டினால் 100 மில்லிமீட்டருக்கு 20 நொடி, 16,000 ஜூல். அதே 100 மில்லிமீட்டரை 4 மில்லிமீட்டருக்கு ஒன்றாக 25 டேக்கில் நிரப்பினால், ஒரு டேக்குக்கு 0.6 நொடி வைத்து 12,000 ஜூல். வித்தியாசம் கால் பங்குதான். ஆக, டேக் முறையின் பலன் மொத்தச் சூடு குறைவதில் இல்லை. கோடு முழுவதும் ஒரே நேரத்தில் சூடாக இருப்பதே இல்லை என்பதில் இருக்கிறது. ஒவ்வொரு புள்ளியும் தன்னைச் சுற்றி ஒரு சின்ன வட்டத்தை மட்டும் சூடாக்கி ஆறுகிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் டேக்கை மட்டும் பழகியவர்கள், வரிசையாக ஒன்றின் பக்கத்தில் ஒன்று என்று படபடவென்று அடித்துக்கொண்டே போவார்கள். அது ஒரே ஓட்டமாக ஓட்டியதற்குச் சமம்.

ஆலையில் இதே பிரச்சினைக்கு வேறு வழி. அங்கே தகடுகளைச் சேர்ப்பது பெரும்பாலும் ஸ்பாட் வெல்டிங். தண்ணீர் ஓடும் இரண்டு தாமிர முனைகளுக்கு நடுவில் தகட்டை நசுக்கிப் பிடித்து, நொடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவே மின்சாரம் விடுவார்கள். சூடு பரவும் முன்னே தாமிரம் அதை உறிஞ்சிவிடும். பட்டறையில் அதற்கு ஈடாக நாங்கள் வைத்தது ஒரு பழைய பஸ்பார் (மின்சாரம் கடத்தும் தாமிரப் பட்டை) துண்டு. தாமிரம் இரும்பைவிட ஏழெட்டு மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும், வெல்டும் அதில் ஒட்டாது. கோட்டுக்குப் பின்னால் இறுக்கிப் பிடித்தால் ஓட்டை விழுவதும் குறையும். ஏசி பைப்பைத் தட்டையாக்கி வைப்பவர்களும் உண்டு. அது சீக்கிரம் சூடேறிவிடும், கட்டைத் துண்டுதான் மேல்.

கேஸ் வெல்டிங்கைக் குறை சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. அதில் சூடு அகலமாகப் பரவும், உண்மை. ஆனால் அதன் வெல்டு மென்மையாக இருக்கும், தட்டினால் தகட்டோடு தகடாக விரியும். சிஓ2 கம்பியின் வெல்டு தகட்டைவிடக் கடினம். அதைத் தட்டி நீட்டக் கைக்குப் பலம் வேண்டும், முதலில் உயரத்தைத் தேய்த்துக் குறைக்கவும் வேண்டும். பழைய டிங்கர்கள் கேஸில் வைத்து, சூடு ஆறும் முன்னே டாலியில் தட்டித் தட்டியே கார் கதவைக் கண்ணாடி போல எடுத்தவர்கள். அந்தக் கை இல்லாதவர் கேஸைத் தொட்டால்தான் இந்த வேனுக்கு வந்த கதி. டிக் (டங்ஸ்டன் முனை வெல்டிங்) இருந்தால் இரண்டு நன்மையும் கிடைக்கும். காக்கா பட்டறையில் டிக் இல்லை, அதனால் பேச்சு அதோடு முடிந்தது.

காற்று

பட்டறை மூன்று பக்கமும் திறந்தது. மே கடைசியில் கச்சான் காற்று எழும்பிவிட்டால் மேற்கிலிருந்து மணலும் புழுதியும் நேரே உள்ளே வரும். வெல்டைக் காக்கும் வாயு, நொடிக்கு 2 மீட்டர் காற்றிலேயே கலைய ஆரம்பித்துவிடும். மணிக்கு ஏழெட்டு கிலோமீட்டர், முகத்தில் லேசாகப் படுகிற காற்று. பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிடுவார்கள். ஆர்க்கை (வெல்டிங் மின்பொறியை) நிறுத்த அதில் ஏழில் ஒரு பங்கே தாராளம்.

வாயு கலைந்தால் வெல்டில் பொத்தல். பொத்தலைப் பார்த்ததும் பையன்கள் செய்வது வாயு அளவைக் கூட்டுவது. ஒரு எல்லைக்கு மேல் கூட்டினால் வாயுவே சுழன்று வெளிக்காற்றை உள்ளே இழுக்கும், பொத்தல் இன்னும் கூடும். தேய்த்துவிட்டு அதே இடத்தில் மறுபடி வெல்டு, மறுபடி சூடு. துருவைப்போலவே காற்றும் கடைசியில் நெளிவாகத்தான் வந்து முடிகிறது. பட்டறையில் பனை ஓலைத் தட்டி இருந்தது. பொறி பறக்கும் இடத்தில் ஓலை வைப்பது வேண்டாத வேலை, அதனால் இரண்டு தகரத் தட்டிகளை மேற்குப் பக்கம் நிறுத்தினோம். வாயு நிமிடத்துக்கு 10 முதல் 12 லிட்டர். சுத்த கார்பன் டை ஆக்சைடுக்குப் பதில் ஆர்கான் 80, கார்பன் டை ஆக்சைடு 20 கலவை வைத்தோம். ஆர்க் அமைதியாக எரியும், தெறிப்பு குறையும், மெல்லிய தகட்டை ஓட்டை போடும் வேகமும் குறையும். சிலிண்டர் விலை அதிகம் என்று காக்கா முணுமுணுத்தார்.

வேலை

பேட்டரி ஒயரைக் கழற்றியாயிற்று, உள் அட்டைகளையும் எடுத்தாயிற்று, டீசல் குழாய்ப் பக்கம் ஈரச் சாக்கு. துருப்பொடி ஒட்டியிருந்த உள்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவிக் காய விட்டு, ஓரங்களில் 30 மில்லிமீட்டருக்கு இரும்பு வெள்ளையாகத் தெரியும் வரை சுத்தம் செய்தோம்.

ஒட்டு தகட்டின்மேல் ஏறாமல், ஓரத்தோடு ஓரமாக. ஏற்றி வைத்தால் நெளிவு கொஞ்சம் குறையும் என்பது உண்மை. ஆனால் இரண்டு தகட்டுக்கு நடுவில் உப்புத் தண்ணீர் புகுந்தால் வெளியே வர வழி இல்லை. இந்தக் கரையில் அது இரண்டு மழைக்காலம் தாங்காது. ஓரங்களுக்கு இடையில் ஒரு ஹாக்சா பிளேடு நுழையும் அளவு இடைவெளி, சுற்றிலும் ஒரே சீராக. இடைவெளியே இல்லாமல் முட்ட வைத்தால் சூட்டில் விரியும் ஓரங்கள் ஒன்றை ஒன்று தள்ளி மேலும் கீழும் ஏறிவிடும். அகலமாக விட்டால் நிரப்ப அதிக வெல்டு வேண்டும், அதிக வெல்டு என்றால் அதிகச் சுருக்கம். இந்தப் பொருத்தலுக்குத்தான் நேரம் பிடித்தது. காக்கா ஃபைலை எடுத்து ஒரு ஓரத்தைத் தேய்ப்பார், வைத்துப் பார்ப்பார், மறுபடி தேய்ப்பார். வண்டிக்காரர் வந்து பார்த்துவிட்டு இன்னும் வெல்டிங்கே தொடங்கவில்லையா என்று கேட்டுவிட்டுப் போனார்.

முதல் டேக் மேல் கோட்டின் நடுவில். அடுத்தது இரண்டு முனைகளில். அப்புறம் ஒவ்வொரு இடைவெளியின் நடுவிலும் ஒன்று, அந்த நடுவின் நடுவில் ஒன்று, டேக்குக்கு டேக் 25 மில்லிமீட்டர் வரும் வரை. விதி ஒன்றுதான்: போட்ட டேக்கில் வெறுங்கையை வைக்க முடிகிற வரை அதன் பக்கத்தில் அடுத்தது இல்லை. கம்ப்ரசர் காற்றை ஊதி ஆற வைத்தோம். ஈரத்துணி ஒற்றுகிற பழக்கம் பல இடத்தில் உண்டு, சூடு பரவாமல் தடுக்க அது உதவும்தான். ஆனால் இங்கே போர் தண்ணீர் உப்பு. அதைத் தேய்த்த இடம் ஒரு மணி நேரத்தில் செம்பழுப்பாகிவிடும்.

25 மில்லிமீட்டர் டேக் முடிந்ததும் வெல்டை நிறுத்திவிட்டு முதல் சுற்றுத் தட்டல். 1 மில்லிமீட்டர் கட்டிங் வீலின் ஓரத்தால் டேக்கின் தலையை மட்டும் சீவி, டாலியைப் பின்னால் வைத்து ஒவ்வொரு டேக்கின்மேலும் நேராக இரண்டு, மூன்று தட்டு. இப்போதே சுருக்கத்தைத் திருப்பி எடுத்துவிட்டால் அது சேர்ந்து பெரிதாகாது. எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கடைசியில் தட்டலாம் என்று விட்டால், அதற்குள் இழுப்பு தகடு முழுவதும் பரவி, எங்கே தட்டுவது என்றே தெரியாது. பிறகு அடுத்த சுற்று டேக், சீவல், தட்டல். இப்படியே கோடு மூடும் வரை. அடி விளிம்பில் மட்டும் தகட்டை மடித்து, 8 மில்லிமீட்டர் துளைகள் வழியாக பிளக் வெல்டு. காலையில் தொடங்கிய மேல் கோடு சாயங்காலம்தான் மூடியது.

கிரைண்டரைப் பற்றி ஒரு வார்த்தை. வெல்டில் நெளியாமல் காப்பாற்றிய தகட்டைத் தேய்க்கும்போது நெளிய விட்ட வேலைகள் நிறைய. தடித்த கிரைண்டிங் வீலை ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தால் தகடு நீலமாகும். நீலம் தெரிந்தால் அங்கே 300 டிகிரி ஏறிவிட்டது என்று பொருள். வெல்டின் தலையைக் கட்டிங் வீலாலும் மிச்சத்தை 80 நம்பர் ஃபிளாப் டிஸ்க்காலும், தொட்டுத் தொட்டு எடுத்ததில் நீலம் எங்கும் வரவில்லை.

அளவு

மறுநாள் காலை நிழலில் ஒரு மீட்டர் ஸ்கேலை நீளவாக்கிலும் குறுக்கிலும் வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்த்தோம். பெரும்பாலான இடத்தில் 1 மில்லிமீட்டருக்குக் கீழே. ஓரிடத்தில் மட்டும் 1.5 பள்ளம். அங்கே உள்பக்கம் ஒரு விறைப்புப் பட்டை ஓடுவதால் டாலி நுழையவில்லை. பழைய லீஃப் ஸ்பிரிங் பட்டையில் வளைத்துச் செய்த ஸ்பூனை இடுக்கில் விட்டுத் தட்டியும் முழுதாக எழும்பவில்லை. இன்னும் தட்டினால் சரியான இடமும் கெடும் என்று அதோடு விட்டு, மெல்லிய பட்டியில் சமன் செய்தோம். முன்பு 6 மில்லிமீட்டர் பட்டி நின்ற பக்கத்தில் இப்போது மிக அதிகமான இடத்திலேயே 1.5. அழுத்தினால் டொப்பென்ற சத்தம் இல்லை.

பெயிண்டை விட உள்பக்கம்தான் முக்கியம். வெல்டின் பின்புறம் சூட்டில் பூச்சு எல்லாம் எரிந்த வெறும் இரும்பு. உப்புக்காற்றுக்கு அது ஒரே நாள் வேலை. சுத்தம் செய்து எபாக்சி பிரைமர், கோட்டின்மேல் சீலர், அடி மடிப்புக்குள் மெழுகு. வடியும் துளைகளைக் குத்தித் திறந்து, வண்டிக்காரரைக் குனிய வைத்துக் காட்டினோம். ஐஸ் பெட்டிக்கு அடியில் தண்ணீர் வெளியே போக ஒரு குழாயும்.

அவர் தரைக்கு ஸ்டெயின்லெஸ் தகடு அடித்துவிடலாமா என்று கேட்டார். அடிக்கலாம், ஆனால் அது இரும்பைப்போல ஒன்றரை மடங்கு விரியும், சூட்டைக் கடத்துவதோ மூன்றில் ஒரு பங்கு. சூடு போட்ட இடத்திலேயே தேங்கி, இரும்பைவிட மோசமாக நெளியும். ரிவெட் வைத்து, நடுவில் ரப்பர் கொடுத்துப் பொருத்துங்கள் என்றேன்.

இந்த வேலையைப் படித்துவிட்டு யாரும் புது வண்டியின் கதவுத் தூணிலோ சேஸிலோ இதே முறையைப் போட வேண்டாம். இங்கே சொன்னது மென்மையான வெளித்தகட்டுக்கு. இப்போதைய வண்டிகளில் தூண்கள் சூடாக்கி அழுத்திய உயர்பலத் தகட்டில் வருகின்றன. சூடு பட்டால் நெளிவதற்கு முன்பே பலம் போய்விடும், வெளியே ஒன்றும் தெரியாது. அதற்குத் தயாரிப்பாளர் கொடுக்கும் பழுதுநீக்கும் வழிமுறை மட்டும்தான்.

வலது பக்கம் இன்னும் பாக்கி. அங்கே துரு சக்கர வளைவுக்குள் ஏறியிருக்கிறது, இரட்டைத் தகடு, பின்னால் டாலி போக வழியே இல்லை. தட்டி நீட்ட முடியாத இடத்தில் எவ்வளவு பொறுமையாக டேக் அடித்தாலும் சுருக்கம் அப்படியே நின்றுவிடும். வெளித்தகட்டைப் பேனல் பசையில் ஒட்டி, விளிம்பில் மட்டும் ஸ்பாட் வெல்டு வைக்கலாம் என்பது என் யோசனை. காக்காவுக்குப் பசையில் நம்பிக்கை இல்லை. தகட்டை வெளியே தனியாக வெல்டு போட்டு, தட்டி முடித்து, அப்புறம் வண்டியில் ஏற்றலாம் என்கிறார். வண்டிக்காரர் இரண்டையும் கேட்டுக்கொண்டு, ஜூன் 15-ஆம் தேதி மண்டபத்தில் நிற்க வேண்டும், அந்தப் பக்கத்துக்கு இப்போதைக்கு ரெட் ஆக்சைடு அடித்து விடுங்கள், அடுத்த தடைக்காலத்துக்குப் பார்க்கலாம் என்று சாவியை வாங்கிக்கொண்டார்.